வடக்கு ஜன்னல் அறை

பிரியமுள்ள செல்வி அக்காவுக்கு,

அன்று நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "மாமா, இவங்களுக்கு நம்ம பாஷை தெரியும்." நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

நம் கல்லூரியின் பழைய கட்டடத்தைப் பழுது பார்த்து, மேலே மாடி எடுக்க முடிவான சமயம். சுவரெல்லாம் விரிசல். மழை வந்தால் வாளி வைத்துக்கொண்டுதான் தாவரவியல் வகுப்பு எடுப்போம். மாடியில் வரப்போகிற அறைகளில் வடக்குப் பார்த்த ஒன்றை உங்கள் செடிகளுக்காகக் கேட்டீர்கள். யானைமலை அடிவாரத்திலும் கண்மாய்க் கரைகளிலும் மாணவிகளோடு அலைந்து பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டிப் பெயர் எழுதி வைத்தவை. நேர் வெயில் படக்கூடாது, ஈரமும் ஆகாது.

கட்டடக் கமிட்டியில் இருந்தவர் என் தாய்மாமா. இன்ஜினியரோடு வரைபடத்தை விரித்துக்கொண்டு நின்றார். நீங்கள் கேட்டதும் என் பக்கம் திரும்பி, எங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் ஒன்று சொன்னார். தமிழில் இப்படி வரும்: "களை பறிச்ச வீட்டுல இருந்து வந்திருக்கு. இதுக்கு ஜன்னல் வச்ச ரூம் கேக்குது."

நானும் சிரித்தேன் அக்கா. சத்தமில்லாத சிரிப்புதான். நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

வெளியார் முன்னால் எங்கள் மொழியில் பேசினால் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி என்று எங்கள் வீடுகளில் ஒரு நினைப்பு உண்டு. மாமாவுக்கும் அதுதான். எனக்கு அந்தச் சாக்குகூடக் கிடையாது. சமயநல்லூர்ப் பக்கம் வயல் கூலியாக இருந்த உங்கள் அம்மா பிறகு எங்கள் நெசவுத் தெருவுக்கு நூல் சுற்ற வந்தவர். கூடவே வந்து விளையாடி எங்கள் மொழியைப் பிடித்துக்கொண்டவர் நீங்கள். ஸ்டாஃப் ரூமில் பிரின்சிபாலைக் கேலி பேச நமக்கு அதுதானே கைகொடுத்தது?

மாமாவிடம் நீங்கள் தமிழில்தான் பதில் சொன்னீர்கள். "பரவால்ல சார். மாடிப்படிக்கு அடியிலயே வச்சுக்கிறேன்."

ஒத்தக்கடையில் நாம் பஸ் ஏறினோம். ஏறியதும் சொன்னீர்கள்: "ஒங்க மாமா என்னமாப் பேசுறாரு. எங்கம்மா வேலை பாத்த வீட்லகூட இம்புட்டுச் சுத்தமாப் பேச மாட்டாக."

"அக்கா, அது வந்து..."

"ஜன்னல் ஓரத்துல நீங்க உக்காருங்க மேடம்."

அதுவரை நான் உங்களுக்குப் 'புள்ள'. அதற்குப் பிறகு மேடம்தான். எங்கள் மொழியில் ஒரு வார்த்தையும் வரவில்லை. மஞ்சள் காமாலையோடு பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோதும் "வாங்க மேடம்" என்று எழுந்து உட்காரப் பார்த்தீர்கள். அங்கேயும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீங்களல்லவா என்னைத் தேற்ற வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். அது உண்மையா, இன்னொரு சாக்கா?

நான் விழுங்கிய வாக்கியத்தையே பாருங்கள். மாமா மாட்டிக்கொள்ளக் கூடாதே என்ற கவலைதான் அதில் இருக்கிறது. 'நீங்க பேசுறது தப்பு மாமா' என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை புத்தகம் படித்து என்ன பயன்?

இப்போது கீழே கம்ப்யூட்டர் லேப். தரையெல்லாம் வெள்ளை டைல்ஸ், பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள். இன்னொரு மாடியைப் பழைய அஸ்திவாரம் தாங்குமா என்று பார்க்கிறார்கள். அதற்கான கட்டடக் கமிட்டிக் கூட்டத்துக்கு எனக்கும் அழைப்பு வந்திருக்கிறது. அன்று என்ன பேசப்பட்டது, யார் சிரித்தது என்பதை, மாமாவை வைத்துக்கொண்டே, எல்லோருக்கும் புரிகிற தமிழில் சொல்வேன். இது சத்தியம்.

நீங்கள் கண்மூடிய பிறகு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். வடக்கு அறையில் கமிட்டிக்காரர்களுக்கு சோபா போட்டார்கள். பழைய மாடிப்படியை இடித்தபோது உங்கள் பெட்டிகளை வராந்தாவில் இறக்கினார்கள். ஐப்பசி மழை அடித்தது. ஒரு தாளும் தேறவில்லை. இடிபாட்டோடு சேர்த்து லாரியில் ஏற்றினார்கள். ஏற்றும்போது நானும் அங்கேதான் நின்றேன்.

தங்கை என்று எழுதக் கூசும்,
சுபா