உன் கட்டுரைக்கு அடுத்து இரண்டு பக்கம்

என் அருமை அக்கா,

உன் கட்டுரைகள் மின்னூலாகிவிட்டன. யார் வேண்டுமானாலும் பதிவிறக்கிக் கைப்பேசியிலேயே படிக்கலாம். செய்தது நான்தான். கணினியில் எது நின்றுபோனாலும் உன்னைக் கூப்பிட்ட அதே செல்விதான்!

நீ எழுதிவந்த இணைய இதழை மூடப்போவதாக அறிவித்தார்கள். சித்தியவான் பக்கத்து நம் ரப்பர் தோட்டத்தைப் பற்றி நீ எழுதியதெல்லாம் அங்கே மட்டும்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். பழைய கட்டுரைகளைத் திறந்தால் தமிழுக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. எழுத்துருவை மாற்றி, நீ அச்செடுத்து வைத்திருந்த தாள்களோடு ஒப்பிட்டு, ஒற்று விடாமல் சரிபார்த்தேன்.

வெளியிடுவதற்கு முன் வரைவை நம் தோட்டத்து ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மறுநாளே கமலா வந்துவிட்டாள். தொழிற்சங்கத் தலைவராக இருந்த முனியாண்டியின் மகள். இப்போது இங்கே புந்தோங்கில் தையல் கடை வைத்திருக்கிறாள். தோட்டம் விற்கப்பட்டபோது, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சம்மதித்து அவள் அப்பா யாரையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார் என்று எழுதியிருந்தாயே, அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டினாள்.

"இத எடுத்துடு செல்வி. இவ்ளோ நாளா யாரும் பார்க்கல. இனிமே எல்லார் போன்லயும் இருக்கும்லா."

"அக்கா எழுதினத நான் எப்படி எடுக்கறது?"

"தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி, 'இது பேர் லிஸ்ட்டுதான்'னு சொல்லி நீட்டினாரு. காகிதம் இங்கிலீஷ்ல இருந்துச்சு. அப்பாவுக்குத் தன் பேர மட்டுந்தான் எழுதத் தெரியும். எனக்குப் பன்னெண்டு வயசு, பக்கத்துல நின்னேன். உங்கக்கா என்கிட்ட ஒரு வார்த்த கேட்டாங்களா?"

கேட்டாயா, அக்கா? நம் வீடும் போன கோபத்தில் எழுதினாயா? அம்மா சாமான்களோடு லோரியில் ஏறிய அந்தக் காலையின் நினைவு உன்னை அப்படி எழுதவைத்ததா? எனக்குத் தெரியவில்லை. நீ கண்ணை மூடிய பிறகு உன்னைக் கேட்கவும் வழியில்லை.

இரண்டு வாரம் வெளியிடாமல் வைத்திருந்தேன். பிறகு முடிவெடுத்தேன். உன் கட்டுரையை எடுக்கவில்லை, ஒரு சொல்லையும் மாற்றவில்லை. கமலாவின் கடைக்குப் போய், அவள் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்து, உன் கட்டுரைக்கு அடுத்த இரண்டு பக்கத்தில் அவள் பெயரிலேயே சேர்த்தேன். அடிக்குறிப்பாகச் சுருக்கவில்லை. உனக்குக் கொடுத்த அதே எழுத்தளவுதான் அவளுக்கும். நான் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நூல் வெளியான அன்று அவள் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, நின்றபடியே கைப்பேசியில் படித்தாள். "அப்பா பேரு தலைப்புல இருக்கு," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்கக்கா எழுதினதும் இருக்கட்டும். ரெண்டையும் படிக்கட்டும்," என்றாள். அப்புறம் அவளே அதைக் குழுவில் எல்லோருக்கும் அனுப்பிவைத்தாள்.

அக்கா, உன் எழுத்தில் யாரையும் கைவைக்க விடமாட்டேன், என்னையும் சேர்த்துத்தான். ஆனால் நீ கேட்காமல் விட்டவர்கள் வந்தால் உட்காரவைத்துக் கேட்பேன். கேட்டதை உன் பக்கத்திலேயே வைப்பேன். நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

உன்னோடு பிறந்தவள்,
செல்வி
புந்தோங், ஈப்போ