டயாலிசிஸ் கட்டில்களுக்கு நடுவே சுவர் வேண்டாம்

அனுப்புநர்:
சுவரொட்டி ஒட்டும் தொழிலாளி (ஓய்வு),
நோயாளர் ஆலோசனைக் குழு உறுப்பினர்,
டயாலிசிஸ் பிரிவு, ஜன்னலோரக் கட்டில்.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: புதிய டயாலிசிஸ் பிரிவில் தடுப்புச் சுவர் எழுப்பாதிருக்கவும், குழுக் கூட்டத்தை நோயாளிகள் கலந்துகொள்ளும்படி நடத்தவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை நானே என் கையால் எழுதுகிறேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். தாங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

1. புதிய பிரிவு கட்ட நோயாளிகளின் யோசனையும் வேண்டும் என்று தாங்கள் குழு அமைத்து, என்னையும் எதிர்க் கட்டில் கண்டக்டரையும் அதில் சேர்த்தீர்கள். இத்தனை வயதில் என்னிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. அன்று பக்கத்து வீட்டில் சொல்லப் போனேன். கதவு பூட்டியிருந்தது. என் வீட்டுக்குத் திரும்பி வந்து நானே மகிழ்ந்துகொண்டேன்.

2. ஆனால் கூட்டம் செவ்வாய்க்கிழமை காலையில் மாடியில் நடக்கிறது. அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் கீழே மிஷினில் இருக்கிறோம். ரத்தம் குழாயில் ஓடிக்கொண்டிருக்கும்போது எழுந்து வர இயலாது. மேலே நாற்காலி இழுக்கும் சத்தம் மட்டும் எங்களுக்குக் கேட்கும். இப்போது, தொடர்ந்து வராததால் எங்கள் பெயர்கள் நீக்கப்படும் என்று கடிதம் வந்துள்ளது. படிக்கத் தெரிந்த பிறகு என் பெயருக்கு வந்த முதல் கடிதம் அதுதான்.

3. புதிய பிரிவில் ஒவ்வொரு கட்டிலுக்கும் தனித் தடுப்பும் தனி டிவியும் வரப்போவதாக நர்சம்மா சொன்னார். நல்ல எண்ணம்தான். ஆனால் என் மனைவி காலமாகிவிட்டார். மகள் தூரத்தில் இருக்கிறாள். சுவரும் டிவியும் என் வீட்டிலேயே உள்ளன. நான் உள்ளே நுழைந்ததும் கண்டக்டர், "வாங்க பெருசு, ஜன்னலோர சீட்டு புடிச்சு வச்சிருக்கேன், சில்லறையா எடுங்க" என்பார். மிஷின் இல்லாத நாட்களில் என்னை வா என்று சொல்ல ஆளில்லை.

4. எனக்கு எழுத்து வந்ததும் இந்த டயாலிசிஸ் பிரிவில்தான். பக்கத்துக் கட்டில் டீச்சரம்மாவுக்கு இடக் கையில் ஊசி, எனக்கும் இடக் கையில் ஊசி. மிச்சமிருந்த கைகளால் சிலேட்டுப் பலகையை மாற்றி மாற்றி நீட்டிக்கொள்வோம். "போஸ்டர் ஒட்டின பழக்கம் போகலையே, எழுத்து மேல மேல ஏறுது பாருங்க, கோட்டுல நில்லுங்கய்யா" என்பார். அவரும் இப்போது இல்லை. அந்தக் கட்டிலுக்குப் புதிதாக வந்த தையல்காரர் ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சை நிறுத்திவிட்டார். முகம் வெளுத்திருந்தது. நான் கூப்பிட்டதும் நர்சம்மா ஓடி வந்து, பிரஷர் இறங்கிவிட்டது என்று காலைத் தூக்கி வைத்துக் காப்பாற்றினார். நடுவில் சுவர் இருந்திருந்தால், தூங்கிவிட்டார் என்று நினைத்திருப்பேன். தனிமை வேண்டுவோருக்கு இழுத்து மூடும் திரை போதும்.

ஆகவே ஐயா, எங்கள் பெயர்களை நீக்க வேண்டாம். சுவர் வைப்பதற்கு முன் ஒருமுறையாவது கூட்டத்தை எங்கள் பிரிவிலேயே, நாங்கள் மிஷினில் இருக்கும்போதே நடத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கட்டில்களுக்கு நடுவே நாற்காலி போட இப்போது இடம் இருக்கிறது. தாங்கள் சற்றுத் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை. நாங்கள் எங்கும் போய்விட மாட்டோம்.

தங்கள் வரவை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)

இடம்: என் வீடு
நாள்: ஞாயிற்றுக்கிழமை தொடங்கி, திங்கட்கிழமை முடித்தது