மேல் மாடிக்கு ஏற மறுக்கும் இணையம்

அனுப்புநர்:
ஏ. எல். முனாஸ்,
பள்ளிவாசல் ஒழுங்கை,
பலாபத்வல, மாத்தளை.

பெறுநர்:
பிராந்திய முகாமையாளர்,
'மலைத்தென்றல்' இணைய சேவை,
மாத்தளை.

விடயம்: "வாடிக்கையாளர் மறுத்தார்" என்று மூடப்பட்ட முறைப்பாட்டை மீளத் திறந்து, மேல் மாடி வரை வயர் இழுத்துத் தருதல்

மதிப்புக்குரிய ஐயா,

இனி நான் எழுதப் போவதை இந்த மாவட்டத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்பதை முதலிலேயே பணிவுடன் உறுதிப்படுத்துகிறேன். என் மனைவியே நம்பவில்லை. தாங்களும் நம்ப வேண்டியதில்லை. வாசித்து முடித்தால் போதும். தங்கள் அலுவலகத்துக்குக் கோல் எடுத்து, காத்திருக்கச் சொல்லிப் போடும் பாட்டைக் கேட்டுக் கேட்டு, இப்போது அதைத் தூக்கத்திலும் முணுமுணுக்கிறேனாம். அலுத்துப் போய்த்தான் கடதாசியை எடுத்தேன்.

1. என் தங்கை ஹவ்வாவின் வீட்டுக்கு மூன்று தளங்கள். அவள் கணவர் பஸீர் மிளகு, கராம்பு வியாபாரி. பிற்காலத்தில் இன்னும் ஏழு மாடி எழுப்பும் எண்ணத்தில் கொங்கிறீட் போட்ட மனிதர். அதன்மேல் கண்டிப் பெரஹரா ஊர்வலத்து யானைகள் எல்லாம் சேர்ந்து நடக்கலாம். இணையம் மட்டும் நடக்காது. தங்கள் ரவுட்டர் கீழே ஹோலில் பச்சை விளக்கெரிய மகாராஜா போல் வீற்றிருக்கிறது. நடு மாடி முழுக்கச் சாக்குகள். அவற்றைக் கடந்து மேலே வரும் கொஞ்ச சிக்னலும் தும்மிக்கொண்டேதான் வருகிறது.

2. மேல் மாடியில் இருப்பவள் அவர்களின் மகள் ஜஸ்லா. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். இம்மாதக் கடைசி வரை பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரமாக்குவார்களாம். வகுப்பு அடிக்கடி அறுந்தால் வேலை இல்லை என்று எழுத்திலேயே எச்சரித்துவிட்டார்கள். ஆகவே சிக்னல் எட்டும் படிக்கட்டுத் திருப்பத்தில் குந்திக்கொண்டு படிப்பிக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் சாக்குச் சுமப்பவர்கள் ஏறி இறங்குகிறார்கள். கனடாவில் ஒரு பிள்ளை கூட்டல் கணக்கை எங்கள் மிளகுச் சாக்குகளை எண்ணியே பழகிவிட்டதாகக் கேள்வி.

3. இதை முறைப்பாடு செய்ததும் தங்கள் ஊழியர் தம்பி தனோஜன் வந்தார். அவரைக் குறை சொல்லேன், நல்ல பிள்ளை. சுவருக்குள் கீழிருந்து மேல் வரை போகும் வெறுங்குழாயைக் கண்டுபிடித்து, அதற்குள் வயரை இழுத்து மேலே இன்னொரு பெட்டி பூட்டலாம், எறும்பு போகாதபடி இரண்டு வாயையும் அடைத்துவிடலாம் என்றார். அடைப்பது என்றதும் தங்கை எழும்பிவிட்டாள். முழங்கால் வருத்தக்காரி, படியேற மாட்டாள். குடிபுகுந்த நாள் முதல் அந்தக் குழாயில் வாயை வைத்துத்தான் மகளைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். அந்தக் குரலுக்குத் தூரத்து நாவுல ஊர் வயலில் நின்றவர்களும் கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனதாகச் சொல்கிறார்கள்.

"தம்பி, இத அடைச்சீங்கன்னா எம்புள்ளய நான் எதால கூப்பிடுற? ஒங்க இன்டர்நெட் வந்து சோறு ஆறுதுன்னு சொல்லுமா?"

"அம்மா, வயர் போட்டா ஓட்டய அடைக்கத்தான் வேணும். அது ரூல்ஸ்."

"அப்ப ரூல்ஸயும் சுருட்டி எடுத்துக்கிட்டு போங்க மகன்!"

தேநீர் குடித்துவிட்டுத்தான் போனார். ஆனால் அலுவலகத்தில் "வாடிக்கையாளர் மறுத்தார்" என்று பதிந்து முறைப்பாட்டை மூடிவிட்டார்கள்.

4. அதன் பிறகு பஸீரும் நானும் தங்கையுடன் நடத்திய சமாதானப் பேச்சில் இரண்டு நாடுகளை இணைத்திருக்கலாம். முடிவில் மேல் மாடியில் கரண்ட் மணி பூட்டி, சுவிட்சை அவள் சமைக்கும் குசினியில் வைத்தோம். அவள் மனமொப்பிச் சம்மதித்துவிட்டாள். கையெழுத்தை இத்துடன் இணைத்துள்ளேன். ஆனால் தங்கள் அலுவலகத்தில் கேட்டால், மூடியதைத் திறக்க முடியாதாம், புதிதாக விண்ணப்பித்து அடுத்த மாதம் வரை பொறுக்க வேண்டுமாம். வேலை போன பிறகு வரும் வயரில் நாங்கள் உடுப்பா காயப்போடுவது?

ஆகவே ஐயா, பழைய முறைப்பாட்டையே மீளத் திறந்து, இம்மாதம் முடியுமுன் தம்பி தனோஜனை அனுப்பி வைக்குமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன். குழாயை எங்கு வேண்டுமானாலும் அடைக்கட்டும்.

யானை, நாவுல, கனடா எல்லாவற்றையும் தாங்கள் விரும்பிய அளவுக்குக் கழித்துக்கொள்ளலாம். ஒரு சின்னப் பகுதியை மட்டும் நான் கூட்டவில்லை. நேற்று வகுப்பு நடுவில் அறுந்ததும் ஜஸ்லா மடிக்கணினியை மூடி, சாக்குக்காரருக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். நான் ஏதோ பகிடி விட்டேன். அவள் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ அறுந்தா முடிஞ்சு மாமா" என்றாள். அது உண்மை.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஏ. எல். முனாஸ் (ஒப்பம்)

இடம்: பலாபத்வல
திகதி: 17.06.2025