அக்கா மூக்கும் அத்தை கொடுத்த நோஸ்கட்டும்

புதன். அணுபுரம். வெயில். காற்று லீவு.

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், இன்று காலை என் மேலுதட்டில் மீசை முடி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அம்மா: "காபிக் கறைடா, கழுவிட்டு வா." விழா ரத்து.

துணைச் செய்தி: காவ்யா அக்கா மூக்கை மாற்றப் போகிறாளாம். ஆபரேஷன். நாவலூர் கம்பெனி சம்பளம் அவளுடையது, மூக்கும் அவளுடையது. மாடல் மட்டும் அப்பாவுடையது. அப்பா பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். மூக்கு வெளியே தெரிந்தது.

காரணம் எனக்குத் தெரியும். போன வாரம் திருக்கழுக்குன்றத்தில் நிச்சயதார்த்தம். கல்யாணப் பெண்ணைப் பார்த்து அத்தை, "மூக்கும் முழியுமா எவ்ளோ லட்சணம்!" உடனே அக்காவிடம் திரும்பி, "உனக்கு முழி அழகுடி." மூக்கு மிஸ்ஸிங்! அக்கா சிரித்தாள். பாயசத்தைத் தொடவில்லை. அத்தைக்கும் அதே மூக்குதான்.

வியாழன். காற்று வேலைக்குத் திரும்பியது.

பக்கத்து பெஞ்ச் வேலு, சதுரங்கப்பட்டினத்துக்காரன்: "இன்னா மச்சான், காத்து ஜாஸ்தியா கீது. காதைப் புடிச்சிக்கோ, பறந்துடப் போற." நான்: "சிக்னல் வேணும்னா பக்கத்துல வந்து நில்லுடா." வகுப்பே சிரித்தது. எனக்கு யானைக்காது. அதில் எனக்குப் பெருமை. அக்காவும் இப்படி இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

மருந்துக்கடையில் பிளாஸ்டர் ஒரு சுருள். முட்டியில் சிராய்ப்பு.

வெள்ளி.

அக்காவுக்கு என் பிரசங்கம்: "அத்தை குடுத்தது ஒரு நோஸ்கட். அதுக்கு டாக்டர் கையால இன்னொரு நோஸ்கட்டா?"

"என் மூக்கு விஷயத்துல நீ மூக்கை நுழைக்காத."

அம்மா குறுக்கே: "உன் பல்லுக்குக் கம்பி கட்டினோமே, அது தப்பில்லையா? மூக்குன்னா மட்டும் தப்பா?"

நியாயமான கேள்வி. தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

சனி. செங்கல்பட்டு. பஸ்ஸில் கூட்டம்.

டாக்டரம்மாவிடம் அக்கா. துணைக்கு நான். அவர் கேட்டது: "இது உங்களுக்கு வேணுமா, வேற யாருக்காகவாவது வேணுமா?" திரும்பும்போது அக்கா, "இப்ப வேணாம்டா" என்றாள். வெற்றி! என் நாக்கு ஒரு மூக்கைக் காப்பாற்றியது.

ஞாயிறு. தூறல்.

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை. பெரிய ஓட்டை.

டாக்டர் கேட்டதற்கு அக்கா பதில் தேடிக்கொண்டிருந்தாள். அவர் பார்வை என் மேல். "தம்பி, காதுக்குப் பின்னாடி என்ன?"

பிளாஸ்டர். வியாழன் ராத்திரியிலிருந்து காதை மடக்கி ஒட்டிக்கொண்டு தூங்குகிறேன். நேற்றுக் காலையில் ஒரு பக்கம் பிய்க்க மறந்துவிட்டேன். முட்டியில் சிராய்ப்பே இல்லை.

"இந்த வயசுல ஒட்டினா படியாதுப்பா," என்றார். அக்கா சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பஸ்ஸில் கேட்டாள்: "அந்த வேலு பேசறதுக்காடா?"

"நீ அத்தை பேசினதுக்குத்தானே?"

அப்புறம்தான் சிரித்தாள். நானும்தான். "அத்தைக்காக வேணாம். நாளைக்கு எனக்கே வேணும்னு தோணினா போவேன். உனக்கும் அப்படித் தோணினா சொல்லு, நானே கூட்டிட்டுப் போறேன்."

சொல்லிக்கொண்டே பிளாஸ்டரைப் பிய்த்தாள், முடியோடு. என் அலறலில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

மீதிச் சுருளைத் தூக்கிப் போட்டுவிட்டதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன். தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது.