அப்பாவின் ரிவால்வரை மாற்றலாமா

ஆவடி,
14.10.92

அன்பு மகள் கஸ்தூரிக்கு அம்மா எழுதிக்கொள்வது. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், இங்கே நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். குறையில்லாமல் என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டேன், அதில் கொஞ்சம் பொய் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பதறாதே, வந்தது போய்விட்டது. போன் பண்ணிச் சொல்லலாம் என்றால் எஸ்.டி.டி. பூத்தில் முதுகுக்குப் பின்னால் நாலு பேர் நின்று வாயைப் பார்க்கிறார்கள், இது ஊர் கேட்கிற விஷயம் இல்லை. குழந்தைக்குச் சளி பிடித்திருப்பதாக எழுதியிருந்தாய், ராத்திரியில் தயிர் போடாதே, அங்கே குளிர் தொடங்கிவிடும், காதை மூடித் தூங்க வை. வேலப்பன்சாவடியில் உன் பத்மா சித்தி வீட்டுப் புதுமனைக்கு நான் மட்டும் போய்விட்டு வந்தேன், ஜன்னலுக்கு ஜன்னல் வேறு வேறு கலரில் பெயின்ட் அடித்திருக்கிறாள், கேட்டால் அதுதான் இப்போ மாடலாம்.

போன மாதம் உனக்கு அவசரமாக எழுதியிருந்தேனே, அந்த ரிவால்வர் கதை, அதுதான் இப்போது திரும்பி வந்து என் கழுத்தைப் பிடிக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் மாந்தோப்பு வைத்திருக்கும் பக்தவத்சலம் வீட்டில் வெள்ளைக்காரன் காலத்து ரிவால்வர் ஒன்று இருக்கிறது, லண்டன் முத்திரை போட்டது, பிடியில் பூவேலை செய்தது, பழைய சாமான் சேர்க்கிறவர்கள் கண்ணில் ஒத்திக்கொள்வார்களாம். ஆனால் அதற்குத் தோட்டா இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. தோப்பில் தனியாகக் கிடக்கிற மனிதர், அவருக்குச் சுடுகிற துப்பாக்கி வேண்டும், அதனால் உத்தமன் அண்ணே, உங்களுடையதைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்குங்க, ரெண்டு பேர் லைசென்ஸிலும் மாற்றி எழுதி வாங்கிக்கலாம் என்று கேட்டார். அப்பாவும் அதைக் கையில் வாங்கி, பெற்ற பிள்ளையை முதல் தடவை தூக்குகிற மாதிரித் தூக்கிப் பார்த்தார். பட்டாளத்தில் துப்பாக்கி ரிப்பேர் பார்த்த காலத்தில் இந்த மாதிரி ஒன்று கைக்கு வந்ததாம், அப்போதிருந்தே ஆசையாம். எனக்கு வந்ததே கோபம். பதினெட்டு வருஷமாக ஒரு நாள் கூடப் பிசகாத கான்பூர் ரிவால்வர், அதை வைத்துத்தானே கம்பெனி கேஷ் வண்டிக்குக் கன்மேனாகப் போகிறார், அதைக் கொடுத்துவிட்டு அலமாரியில் வைக்கிற பொம்மையை வாங்குவாரா என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். நான் சொன்னால் காதில் ஏறாது, நீ சொன்னால் வேதம். அதனால்தான் உன்னை எழுதச் சொன்னேன். நீயும் நல்ல பிள்ளையாக, அப்பா, உழைக்கிற துப்பாக்கியை விடாதீங்க என்று எழுதிவிட்டாய். உன் கடிதத்தை என்னை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார், மறுநாளே பக்தவத்சலத்திடம் போய், பொண்ணு வேணாங்குதுப்பா, மனசுல வச்சுக்காதே என்று சொல்லிவிட்டு வந்தார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துப் பாயசம் கூட வைத்தேன் என்றால் பார்த்துக்கொள், என் புத்தியை எங்கே கொண்டுபோய் அடிப்பது.

ஆயுத பூஜைக்கு அப்பா எப்படிப் படைப்பார் என்று உனக்குத் தெரியும். ஸ்க்ரூ டிரைவர், எண்ணெய் டப்பா எல்லாவற்றோடும் ரிவால்வரையும் இலையில் வைப்பார், தோல் உறைக்கு மட்டும்தான் பொட்டு, இரும்பில் சந்தனம் படக்கூடாது என்பது அவர் சட்டம். நீ இருந்தவரை தட்டைப் பிடித்துக்கொண்டு நீதான் அந்தப் பொட்டை வைப்பாய். இந்த வருஷம் அவர் குளிக்கப் போன நேரத்தில் இலையில் வரிசையாகப் பார்த்தேன், அத்தனை சாமானுக்கும் பொட்டு வைத்துவிட்டு, நமக்குச் சோறு போடுகிறது மட்டும் மூளி நெற்றியோடு கிடக்கிறதே என்று மனசு கேட்கவில்லை. குழைத்த சந்தனத்தை மூன்று விரலில் எடுத்து மேலே கீழே தாராளமாக இழுத்து, குங்குமமும் வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் அவர் சட்டம் ஞாபகம் வந்தது. பாத்ரூம் கதவுச் சத்தம் கேட்டதும் முந்தானையால் அவசர அவசரமாகத் துடைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி மணி அடித்தேன். வெளியே துடைத்தேன், சந்து பொந்தில் இறங்கினது அங்கேயே காய்ந்துவிட்டது. பூஜை முடிந்து அவரும் துணியால் ஒரு தடவை துடைத்து உறையில் போட்டுவிட்டார்.

ஏழாம் தேதி கம்பெனியில் சம்பள நாள், பேங்கிலிருந்து பணம் எடுத்து வருகிற நாள். அன்றைக்கு வழக்கம்போலப் போனார், வழக்கம்போல வந்தார், ஆனால் சாப்பிடவில்லை. கேட்டால் வயிறு மந்தம் என்றார். இரண்டு நாள் கழித்து, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பேங்குக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிற வேம்புலி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டான், அப்பா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். யக்கா, எனக்கு ரெண்டாவது பொறப்பு, அண்ணாத்தே மேல எனக்குக் கோவம் இல்ல, அவரு மூணு நாளா என் கடைப் பக்கமே வராம கீறாரு, அதான் பாக்க வந்தேன் என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் விவரமாகச் சொன்னான். காஷியர் டீ குடித்துவிட்டுத் தன் கைப்பையை பெஞ்சிலேயே மறந்துவிட்டுப் பேங்குக்குள் போயிருக்கிறார். பணத்தை வண்டியில் ஏற்றுகிற சமயத்தில் இவன் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வண்டியைப் பார்த்து ஓடியிருக்கிறான். அப்பா நில்லு என்று கத்தியிருக்கிறார், இவனோ, வண்டி கிளம்புகிறது, சீக்கிரம் வா என்கிறார் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடியிருக்கிறான். கஸ்தூரி, எழுதவே கை வரவில்லை, அப்பா ரிவால்வரை எடுத்து அவன் நெஞ்சுக்கு நேராகப் பிடித்து விசையை அழுத்திவிட்டார். அழுத்தினார், அது அசையவில்லை. மறுபடி அழுத்துவதற்குள் டிரைவர் கையைத் தட்டிவிட்டு, இன்னா சார், நம்ம வேம்புலி சார் என்று அலறியிருக்கிறான். அப்பா அப்படியே டயரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாராம். இவனே ஓடிப்போய் அவருக்கு ஒரு டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான், சுட வந்தவருக்கு. நான் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதேன். வீட்டில் இருந்த முறுக்கை எல்லாம் கட்டிக் கொடுத்தேன், வேறு என்ன கொடுப்பது.

அன்று சாயந்திரம் அப்பா பேப்பரை விரித்து ரிவால்வரைத் துண்டு துண்டாகக் கழற்றினார். நான் வெங்காயம் உரிக்கிற மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து ஒரு ஸ்க்ரூவைச் சுரண்டி எடுத்தபோது பேப்பரில் பொடி விழுந்தது, மஞ்சளும் சிவப்பும். என் சந்தனம், என் குங்குமம். அவர், தானே சரியாகத் துடைக்கவில்லை என்றுதான் மனசுக்குள் மறுகுகிறார், பட்டாளத்திலேயே இவர் கை பட்ட துப்பாக்கி சிக்கிக்கொண்டு நிற்காது என்று பெயர் எடுத்தவர் என்று நினைத்தேன். சொல்லிவிட்டால் அவர் பாரம் இறங்கும். ஆனால் சொன்னால், அப்போ துப்பாக்கி மேலேயும் தப்பில்லை, என் மேலேயும் தப்பில்லை என்று அடுத்த ஏழாம் தேதி அதே இடுப்பில் அதே உறையோடு கிளம்பிவிடுவாரே. சொல்லாவிட்டால் இந்த மனுஷன் சாப்பாடு இல்லாமல் கிடப்பார். நான்கு நாள் இந்த இழுபறியில் கிடந்தேன், குழம்புக்கு உப்பு இரண்டு தடவை போட்டேன்.

நேற்று சொல்லிவிட்டேன். திட்டட்டும் என்று காலைப் பிடிக்காத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. தெரியும் வடிவு, கழட்டும்போதே வாசனை அடிச்சுது, நம்ம ஊட்ல உன்னை விட்டா யாரு அத வைக்கப் போறா என்றார். அப்புறம், சந்தனம் நீ வச்சது சரி, அது உள்ள இருக்கிறத பாக்காத கண்ணு யாருது, பத்து வருஷமா என் கையில டீ குடுத்த ஆளு இருபது அடியில வந்தா அடையாளம் தெரியாத கண்ணு யாருது என்றார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதாம் கஸ்தூரி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லை. பக்தவத்சலம் கேட்டபோது அவர் ஆசைப்பட்டது அந்தப் பூவேலைக்காக மட்டும் இல்லை. சுடாத துப்பாக்கி கைக்கு வந்துவிட்டால், தோட்டா கிடைக்கவில்லை, இனி கன்மேன் வேலைக்கு வர முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வரலாம், உத்தமனுக்குக் கண் போச்சு, நிறுத்திட்டாங்க என்று யாரும் பேச மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அந்த வழியைத்தான் நான் உன் கையைக் கொண்டு அடைத்தேன். இதில் உன் தப்பு ஒரு கடுகளவும் கிடையாது, அதை நினைத்து அங்கே உட்கார்ந்து அழாதே, நான் சொன்னதை நீ எழுதினாய், அவ்வளவுதான்.

இப்போது மாற்றிக்கொள்ளுங்கள் என்று நான் கெஞ்சுகிறேன், மாட்டேன் என்கிறார். பொண்ணு வேணாம்னு எழுதிடுச்சு, நான் சரின்னுட்டேன், இப்ப மாத்தினா அப்பா பேச்சு மாறிட்டாருன்னு நினைக்கும், காரணம் கேக்கும், கண்ணு போனது தெரிஞ்சிடும் என்கிறார். நான் உனக்கு எழுதுவது அவருக்குத் தெரியாது. அப்பா வேண்டாம் என்று சொன்ன அன்றைக்கே பக்தவத்சலம், மனசு மாறினால் சொல்லுங்க, தீபாவளி வரை பொறுத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், அதற்கு அப்புறம் வேறு யாரிடமாவது கேட்டுவிடுவார். அதனால் நீ இதைப் படித்த கையோடு அப்பா பெயருக்கே ஒரு கடிதம் போடு. கண் என்ற பேச்சே அதில் வரக்கூடாது. யோசித்துப் பார்த்தேன் அப்பா, எனக்கு அந்தப் பழைய ரிவால்வரைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, பொங்கலுக்கு வரும்போது நீங்கள்தான் எடுத்துக் காட்ட வேண்டும் என்று எழுது. கண் ஆஸ்பத்திரிக்கு நான் மெதுவாகக் கூட்டிப்போகிறேன், பென்ஷன் வருகிறது, அரை வயிறாக ஒன்றும் கிடக்க மாட்டோம். பதினெட்டு வருஷமாக ஏழாம் தேதி சாயந்திரம் ஆனால் கேட் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இது வரை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன். வருகிற ஏழாம் தேதி அவர் மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தூங்க வேண்டும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதம், குழந்தைக்கு ஆயிரம் முத்தம், நீ தீர்க்க சுமங்கலியாக, மனசு நிறைந்து இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே கண்ணு. போன கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னாரே, பெண் மேல் இருக்கிற பாசம் என்று நினைத்துவிட்டேன். நீ இப்போது போடுகிற கடிதத்தையாவது அவரே படிக்கட்டும், எழுத்தைப் பெரிசு பெரிசாக எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
உ. வடிவு