ஒட்டிப்போன இரண்டு தாள்கள்

அண்ணி,

இன்று காலை பீரோவைத் திறந்ததும் அந்த நெடி முகத்தில் அடித்தது. பழம்பசையும் கரப்பான் எச்சமும் கலந்த நெடி. மூன்றாம் வாசகப் புத்தகத்தை எடுத்து மின்விசிறிக்குக் கீழே விரித்து வைத்தேன். மலர் ஓடிவந்து, "அத்தே, படிச்சிக் காட்டட்டா?" என்றாள்.

உங்கள் மகளுக்கு ஒன்பது வயது முடிந்துவிட்டது. இன்னும் படிக்கத் தெரியாது. உங்களிடம் மறைத்ததை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூட வேன் சத்தம் கேட்டாலே பிள்ளை வாந்தி எடுக்கிறாள் என்று ஒருநாள் அவள் பையைப் பரண்மேல் தூக்கிப் போட்டவர் நீங்கள். "வீட்லயே படிக்கட்டும். நாம ரெண்டு பேர் இல்ல?" என்றீர்கள். அண்ணன் கத்தினார்; நீங்கள் காதிலேயே வாங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில், தரையில் கொட்டிக் கிடந்த பழைய புத்தகங்களைக் கிளறி நான்கைத் தூக்கி வந்தீர்கள். முதலாவதில் இரண்டெழுத்துச் சொற்கள், இரண்டாவதில் குட்டி குட்டி வரிகள், மூன்றாவதில் படக்கதை, நான்காவதில் படமே இல்லை. நம் அப்பாக்கள் காலத்து அச்சு. "இதுலதான் ஒவ்வொரு படியா ஏத்தி விடுறான், பாரு" என்று தலைகால் புரியாமல் ஆடினீர்கள்.

முதலில் நீங்கள் ஒரு பக்கம் படிப்பீர்கள். பிறகு அவள் வரிக்குக் கீழே விரல் வைத்து அதே பக்கத்தைப் படிப்பாள். ஒரு எழுத்தும் தவறாமல் முடித்தால்தான் அடுத்த புத்தகம். கருவடிக்குப்பத்து வீட்டில் மதியம் முழுக்க அந்த இரண்டு குரல்கள்தான் கேட்கும், நடுநடுவே உங்கள் இருமலும். பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் கஷாயம் வைத்துக்கொடுத்தேன், மடச்சி.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நீங்கள் கடைசியாக எழுந்து உட்கார்ந்த அன்று, மூன்றாவதை முடித்துவிட்டதைக் காட்ட அவளை அழைத்து வந்தேன். மணியின் ஆடு தொலைந்துபோகிற கதை. நீங்கள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அவள் புரட்டியபோது இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே திரும்பின. ஆடு கிடைத்து மணி சிரிக்கும் படம் அவள் எதிரில். அவளோ ஒட்டிக்கொண்ட பக்கங்களில் இருந்த தேடலை, ஒரு சொல் விடாமல், விரலை நகர்த்தி நகர்த்தி ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

ஐயோ! அவள் எதையும் படித்ததே இல்லை, அண்ணி. அத்தனையும் காதில் கேட்ட பாடம்.

நீங்கள் கண் திறந்து, "பாத்தியாடி? ஒரு எழுத்து தட்டல. நாலாவத குடுத்துடு" என்றீர்கள்.

"குடுத்துடுறேன் அண்ணி" என்றேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்ல? நாலே நாளில் போய்விட்டீர்கள்.

கொடுத்தேன். முதல் வரியில் விரல் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தாள், நான் முதலில் படிப்பேன் என்று. படித்தால் சாயங்காலத்துக்குள் மனப்பாடம். அதே சொல்லை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினால் விழிக்கிறாள். அட்டையில் எழுத்து வெட்டிக் கொடுத்தேன், சிலேட்டில் எழுத வைத்தேன், கெஞ்சினேன். ஒருநாள் ஆத்திரத்தில் அடித்தும்விட்டேன். பிள்ளை பழையபடி வாந்தி எடுத்தது. வேனுக்குப் பயந்தவளை எனக்கும் பயப்பட வைத்துவிட்டேன்.

"ஜூன்ல ஸ்கூல்ல சேத்துடப் போறேன். நீங்க ரெண்டு பேரும் படிக்க வச்சது போதும்" என்கிறார் அண்ணன். எந்த வகுப்பில் உட்கார வைப்பார்களோ! உங்களைத் திட்டித் தீர்க்க வேண்டும்போல் இருக்கிறது. அன்றைக்கே வாயைத் திறக்காத என்னையும்தான்.

இன்று காலை, "சரி, படி" என்றேன். விரலை வைத்தாள்.

"மணி ஆட்டைத் தேடினான். குளத்தங்கரையில் இல்லை. வயலிலும் இல்லை."

அங்கே நிறுத்தி இரண்டு முறை இருமினாள். பிறகு, "கிணற்றடிக்கு ஓடினான்" என்று தொடர்ந்தாள்.

அவளுக்குச் சளியில்லை, அண்ணி. தினமும் அந்த இடத்தில்தான் நீங்கள் இருமுவீர்கள். அதுவும் பாடம் என்றே எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

என்றைக்கு எழுத்துப் பிடிபடுகிறதோ, அன்றைக்கு அவள் இருமாமல் படிப்பாள். அதற்காகத்தான் நான் பாடுபட வேண்டும். ஜூனுக்கு அதிக நாளில்லை. நான்காம் புத்தகம் பீரோவிலேயே கிடக்கிறது.

"இன்னொரு வாட்டி படிடி, கண்ணு" என்றேன்.