சிரித்தால் நான்தான் பெரியவள்

என் செல்ல அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் முடிந்தது. நம் சுமதிக்கு வரன் அமைந்துவிட்டது. உன் மகளாயிற்றே, முதலில் உனக்குத்தானே சொல்ல வேண்டும்?

உன்னைப் பெண் பார்க்க மாமா வீட்டார் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? எதற்கெடுத்தாலும் கண்ணை அகல விரித்து ஆச்சரியப்படுவாய் நீ. அப்போது முகம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஆகிவிடும். நான் சிரித்தாலோ கண் இரண்டும் காணாமல் போய், ஓரமெல்லாம் சுருங்கிவிடும். மாமாவின் அம்மா நேராக வந்து என் தலையில் பூவை வைத்துவிட்டார். "ஐயோ, நான் தங்கச்சிங்க!" என்று நான் அலற, நீ கண்ணை இன்னும் பெரிதாக்கினாய். உன்னைவிட மூன்று வயது சின்னவள் நான்! அந்தக் கோபம் ரொம்ப நாள் இருந்தது.

ஆம்பூர் ஷூ கம்பெனியிலும் அதே கதைதான். பக்கத்துப் பக்கத்துத் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தோம், எல்லாரும் உன்னைத்தான் என் தங்கை என்றார்கள்.

போன மாதம் புது சூப்பர்வைசர் அம்மா, "இன்னாம்மா, உனக்கு முப்பது இருக்குமா?" என்றார். நாற்பத்திரண்டு வயதுக்காரியிடம்! ஆயுசெல்லாம் ஆசைப்பட்ட வார்த்தை. ஓடிவந்து சுமதியிடம் சொன்னேன்.

"அம்மா போனதுலேர்ந்து நீ சிரிக்கவே இல்ல சித்தி. அதான் கோடெல்லாம் காணோம்," என்றாள்.

கண்ணாடியில் பார்த்தேன், உண்மைதான். அழுகை வந்துவிட்டது அக்கா. இந்த இளமையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

"ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வர்றாங்க. அம்மா எடத்துல நீதான் நிக்கணும். உம்முனு நின்னா உன்னையே பொண்ணுன்னு நெனச்சிடப் போறாங்க" என்று கிண்டல் வேறு.

வேலூரிலிருந்து வந்தார்கள். பையனுடைய அம்மா பூவோடு எழுந்ததும் சுமதி கண்ணை விரித்தாள் பார், அப்படியே நீ! என்னால் அடக்க முடியவில்லை. ஒரு வருஷம் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன். இந்தத் தடவை பூ சரியான தலைக்குத்தான் போனது. அந்த அம்மா என் கையைப் பிடித்து, "பொண்ண ரொம்பப் புடிச்சிருக்குக்கா. இன்னா சொல்றீங்க?" என்றார். அவருக்கு ஐம்பதுக்குக் குறையாது, என்னைப் போய் அக்கா என்கிறார்!

பழைய நானாக இருந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பேன். அன்றைக்கு அந்த வார்த்தை இனித்தது. மாமாவைப் பார்த்தேன், தலையாட்டினார். "எங்களுக்கும் சந்தோஷம்மா" என்றேன்.

கல்யாண மேடையில் உன் இடத்தில் நான் நிற்பேன் அக்கா. ஒரு போட்டோ விடாமல் சிரிப்பேன். பார்க்கிறவர்கள் அறுபது வயது என்றாலும் சரி, சுமதிக்குப் பக்கத்தில் ஒரு அம்மா இருப்பாள்.

பார்வைக்கு மூத்தவளான,
உன் தங்கச்சி கலா